நாணயத்துக்குப் பிணை யார்?

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திலே தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அதிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. பொலன்னறுவையிலிருந்து ஆட்சி செய்த மன்னன், தமிழ்க் கரைக்குரிய ஆணையைத் தமிழிலேயே வெட்டுவித்தான் என்பது அக்கல்லின் ஒரு சிறப்பு. இன்று நாம் சுட்ட விரும்புவது அதன் இன்னொரு சிறப்பை. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும்; அவர்களுக்குக் காப்பு அளிக்கப்பட வேண்டும்; யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேர வேண்டும்; பிற சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் சேர வேண்டும். இதுவே அந்த ஆணையின் சாரம்.

மன்னன் எடுத்த பங்கு நியாயமானதா என்று வாதிடுவோர் வாதிடலாம். ஆனால் அக்கல் கூறும் உண்மையை எவரும் மறுக்க முடியாது. வாணிகம் என்றால் கலம் உடையும். உடைந்தால் எவருக்கு என்ன சேரும், எவர் பொறுப்பு, எங்கே போய் முறையிடுவது என்பன கலம் புறப்படுமுன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் எமது தீவகத்தின் கரையிலே கல்லில் எழுதி வைக்கப்பட்ட நீதி இது.

இன்று அதே தீவகத்துக்கு வேறொரு வாணிகம் வந்து சேர்ந்திருக்கின்றது. அதற்கு மரக்கலமும் வேண்டாம், துறையும் வேண்டாம். குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்கோ நெடுந்தீவுப் படகுக்கோ காத்து நிற்கும் இளைஞனின் கைத்தொலைபேசியே அதற்குத் துறையாகிவிட்டது. பிட்கொயின் முதலிய கிரிப்டோ நாணயங்களை வாங்குவதும் விற்பதும், விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவதும் அங்கே நிமிடத்துக்கு நிமிடம் நடக்கின்றன. இவ்வாணிகத்தில் கலம் உடைந்தால் உடையவனுக்கு எத்தனை பங்கு? அதை எழுதிய கல் எங்கே? இக்கேள்வியை எமது மக்கள் முன் வைப்பது எமது கடமை என்று கருதுகின்றோம்.

முதலில், போடப்படும் பணம் எத்தகையது என்பதை நினைவுகூர்வோம். தீவகத்துக்குப் பணம் எந்நாளும் கடல் கடந்தே வந்திருக்கின்றது. புங்குடுதீவு, வேலணை, காரைநகர் மக்கள் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தார்கள். கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, அவர்கள் மிச்சம் பிடித்த பணம் மணியோடராக ஊருக்கு வந்தது. கிணறும் கல்வீடும் கோயில் மதிலும் பள்ளிக்கூடமும் அப்பணத்திலேதான் எழுந்தன. 1983 ஆம் ஆண்டின் வன்செயல் அக்கடைகளிற் பலவற்றைச் சாம்பலாக்கிற்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் போர் தீவக மக்களை ஊரைவிட்டே பெயர்த்தது. அதன் பின்னர் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் கனடாவிலும் உணவகங்களிலே பாத்திரம் கழுவியும், தொழிற்சாலைகளிலே இராவேலை பார்த்தும் எமது உறவுகள் அனுப்பும் பணமே பல வீடுகளைத் தாங்கி நிற்கின்றது. ஒவ்வொரு ரூபாவிலும் ஒருவரின் தூக்கம் கழிந்திருக்கின்றது. அத்தகைய முதல் பொறுப்பற்ற சந்தையிலே கரைவதைக் கண்டும் காணாதிருக்க எம்மால் இயலாது.

இந்நாணயம் யாது? 2008 ஆம் ஆண்டிலே மேல்நாட்டுப் பெருவங்கிகள் தமது பேராசையால் நிலைகுலைந்தன. அவ்வேளையில் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒரு திட்டம் வெளியாயிற்று. அப்பெயருக்குரியவர் ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. வங்கியும் வேண்டாம், அரசும் வேண்டாம். யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு சென்றது என்ற பேரேட்டை ஆயிரக்கணக்கான கணினிகள் ஒருங்கே வைத்திருக்கட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்கட்டும் என்பதே அத்திட்டம். 2009 ஜனவரியில் பிட்கொயின் பிறந்தது. 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் அதை உண்டாக்க முடியாது என்று வரம்பும் வகுக்கப்பட்டது. 2010 மே 22 ஆம் நாள் அமெரிக்காவிலே ஒருவர் இரண்டு பீட்சா ரொட்டிகளுக்கு 10,000 பிட்கொயின் கொடுத்தார். பொருள் வாங்குவதற்கான பணமாகவே அது கருதப்பட்டது என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று. இன்றோ அதைக் கொண்டு அரிசி வாங்குவோரைக் காண்பது அரிது. நாளை இன்னொருவர் கூடிய விலைக்கு வாங்குவார் என்ற நம்பிக்கையில் இன்று வாங்குவோரே மிகப் பலர். 2021 செப்டெம்பரில் அதைச் சட்டபூர்வ நாணயமாக்கிய எல் சல்வடோர் நாடுகூட, வணிகர் அதைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதியை 2025 ஜனவரியிலே நீக்கிவிட்டது.

இவ்வாணிகத்தை நாடும் இளைஞரை ஏளனம் செய்ய நாம் முன்வரவில்லை. அரசாங்கத்தின் நாணயத்தில் அவர்கள் நம்பிக்கை இழந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஏப்பிரல் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாயிற்று. வாழ்நாள் முழுதும் சேமித்து வங்கியிலே வைத்த முதியவரின் பணம், எவரும் திருடாமலே தன் பெறுமதியை இழந்தது. அதற்காகப் பதவியிலிருந்தோர் எவரும் தமது சொத்தை விற்று ஈடு செய்யவில்லை.

அதற்கு முந்திய கதையும் உண்டு. 2021 இல் டொலரின் விலையை அரசாங்கம் வலிந்து 200 ரூபாவுக்கு அண்மையில் கட்டி வைத்தது. வெளியிலே அதைவிடக் கூடிய விலை கிடைத்தது. வியர்வை சிந்திய பணத்தைக் குறைந்த விலைக்கு வங்கியிலே கொடுக்க வெளிநாட்டிலுள்ளோர் விரும்பவில்லை. உண்டியல் வழியை நாடினார்கள். 2020 இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுப் பணவரவு, 2021 இல் ஏறத்தாழ 550 கோடியாகவும் 2022 இல் ஏறத்தாழ 380 கோடியாகவும் வீழ்ந்தது. மக்களைத் துரோகிகள் என்று தூற்றுவதால் பயனில்லை. பொய்யான விலையை எழுதி வைத்த அரசாங்கமே அவர்களைப் பின்வாசலுக்கு அனுப்பியது. விலை உண்மையானதும் பணம் திரும்பி வந்தது. 2024 இல் அது 650 கோடியைத் தாண்டிற்று. நாணயத்தின் உயிர் நம்பிக்கை. அதைப் பொலிஸாரைக் கொண்டு உண்டாக்க முடியாது.

ஆயினும் ஒன்றைக் கேட்கின்றோம். பிணைகாரன் சரியில்லை என்று கண்டவன் நல்ல பிணைகாரனைத் தேட வேண்டுமா, பிணையே வேண்டாம் என்று கையிலுள்ளதைக் கொடுத்துவிட வேண்டுமா? ரூபாவுக்குப் பின்னால் மத்திய வங்கி நிற்கின்றது. அது தவறினால் பாராளுமன்றத்திலே கேட்கலாம், நீதிமன்றத்திலே கேட்கலாம், தேர்தலிலே கேட்கலாம். 2008 இறுதியில் கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் முறிந்தபோது ஆயிரக்கணக்கான வைப்பாளர்கள் உயர் நீதிமன்றம்வரை சென்றார்கள். நீதி தாமதித்தது, முழுமையாகவும் கிடைக்கவில்லை. என்றாலும் வழக்கிட ஓரிடமும் வழக்கிட ஒரு பெயரும் இருந்தன. உண்டியல்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அவரது வீடு எங்கே என்பது ஊருக்குத் தெரியும். சீட்டு நடத்துபவர் ஏமாற்றினால் அவர் கோயில் வாசலிலே தலை காட்ட முடியாது. முகம் தெரியாத ஊரிலே, பெயர் தெரியாத ஒருவர் இயக்கும் சந்தையிலே பணம் போட்டவர் எந்த வாசலிலே போய் நிற்பார்?

இச்சந்தையிலே கலங்கள் உடைந்த வரலாறு நீண்டது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டொலர் விலைபோன ஒரு பிட்கொயின், ஓராண்டில் ஏறத்தாழ 16,000 டொலராகச் சரிந்தது. என்றும் ஒரு டொலருக்குச் சமமாக நிற்கும் என்று விற்கப்பட்ட டெராயூஎஸ்டி என்ற நாணயம், 2022 மே மாதத்திலே ஒரு சில நாள்களில் தன் இணையான லூனாவோடு சேர்ந்து அழிந்தது. ஏறத்தாழ 4,000 கோடி டொலர் பெறுமதி மறைந்து போயிற்று. அவ்வாண்டு நவம்பரில் உலகின் பெருஞ் சந்தைகளுள் ஒன்றான எஃப்.டி.எக்ஸ். முறிந்தது. வாடிக்கையாளரின் பணத்தைத் தன் மற்றொரு நிறுவனத்தின் சூதாட்டத்துக்குத் திருப்பிய அதன் தலைவருக்கு 2024 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் 25 ஆண்டுச் சிறை விதித்தது.

“பிட்கொயின் பின்னர் ஏறவில்லையா?” என்று கேட்பார்கள். ஏறியது. 2024 டிசம்பரில் ஓர் இலட்சம் டொலரையும் தாண்டியது. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் 69,000 இலே வாங்கி, 16,000 இலே நடுங்காமல் இருந்து, இரண்டாண்டு காத்திருக்கக்கூடியவர் யார்? வேறு வருமானமும் வேறு சேமிப்பும் உள்ளவர். நகையை அடைவு வைத்து வாங்கியவருக்கு அடைவுகடை இரண்டாண்டு காத்திருக்குமா? ஏறியபின் கிடைக்கும் இலாபம் பணக்காரரின் பொறுமைக்குக் கிடைக்கும் கூலி. இறங்கும்போது விற்றுவிட்டுப் போகும் நட்டமோ கடன்காரரின் அவசரத்துக்கு விழும் தண்டம். ஒரே சந்தை, ஒரே விலை. ஆனால் இருவருக்கும் ஒரே கடல் அன்று.

இங்கேதான் மனத்தின் கதை வருகின்றது. இவ்வாணிகத்தைக் கற்பிக்க வருவோர் யாவரும் “உணர்ச்சியை அடக்குங்கள், வெற்றி உங்களுடையது” என்று போதிக்கின்றார்கள். நல்ல போதனைதான். அறிவும் கல்வியும் இருந்தால் ஆசையை வென்றுவிடலாம் என்று எண்ணுவோர் ஐசாக் நியூட்டனை நினைத்துக் கொள்ளட்டும். கோள்களின் ஓட்டத்தைக் கணித்த அப்பேரறிஞர், இங்கிலாந்தின் நாணயச்சாலைக்கே தலைவராக இருந்தவர். தென்கடல் கம்பனியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தவர், 1720 இல் அவற்றை இலாபத்தோடு விற்றார். பிறகும் விலை ஏறுவதையும் மற்றவர்கள் செல்வராவதையும் கண்டு பொறுக்காமல், உச்ச விலையிலே மீண்டும் வாங்கிப் பெருந்தொகை இழந்தார். அவருக்குக் கணக்குத் தெரியாமலில்லை. அயலவன் பணக்காரனாவதைப் பார்த்துக் கொண்டிருக்கும் பொறுமைதான் இல்லாமற் போயிற்று.

1979 இல் டானியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் மனித மனத்தின் இயல்பொன்றை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நூறு ரூபா கிடைத்தால் உண்டாகும் மகிழ்ச்சியிலும் நூறு ரூபா போனால் உண்டாகும் வேதனை பெரியது. அவர்கள் பின்னர் செய்த கணிப்பின்படி அது ஏறத்தாழ இரு மடங்கு. அவ்வேதனையைத் தாங்காத மனிதன், போனதைப் பிடிப்பதற்காக முன்னொருபோதும் எடுக்காத துணிச்சலை எடுப்பான். சூதாடி எழுந்து போகாமைக்கு இதுவே காரணம். இந்தப் பலவீனத்தை அறிந்தே இச்சந்தையின் திரைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. கொழும்புப் பங்குச்சந்தை பிற்பகலில் மூடும். சனி ஞாயிறு ஓய்வு. மீன் சந்தைக்கும் நேரமுண்டு. காற்று எழுந்தால் கடற்றொழிலாளியும் கரைக்குத் திரும்புவான். கிரிப்டோ சந்தைக்கோ இரவு இல்லை; ஓய்வு இல்லை; கரை இல்லை. விடியப்புறம் மூன்று மணிக்கும் பச்சையும் சிவப்பும் மாறி மாறி ஒளிர்கின்றன. தூங்காத சந்தையின் முன்னால் தூங்காத மனிதனை இருத்திவிட்டு, உணர்ச்சியை அடக்கு என்று உபதேசிப்பது கேலிக்கூத்து.

இதற்கு மேலே கடன் பேரம் வேறு. கையில் ஓர் இலட்சம் ரூபா இருந்தால், பத்து மடங்காக்கிப் பத்து இலட்சத்துக்கு ஆடலாம் என்று சந்தைகள் ஆசை காட்டுகின்றன. விலை 10 வீதம் ஏறினால் பணம் இரட்டிக்கும் என்பது உண்மை. 10 வீதம் இறங்கினால் முதல் முழுதும் போய்விடும் என்பதும் அதே அளவு உண்மை. நூறு மடங்கு ஆடுவோருக்கு 1 வீத இறக்கமே போதும். ஒரே நாளில் 10 வீதம் ஏறி இறங்கும் பொருளிலே இவ்விதம் ஆடுவது வாணிகமன்று. இன்னொரு கணக்கையும் இளைஞர் மனத்தில் இருத்த வேண்டும். பாதியை இழந்தவன் பழைய நிலைக்கு வர 50 வீத இலாபம் போதாது. மிஞ்சியதை இரட்டிப்பாக்க வேண்டும். அந்த இரட்டிப்பு ஆசையே மீதிப் பாதியையும் விழுங்கிவிடுகின்றது.

பணம் போவதிலும் கொடியது, அதை மறைப்பது. வெள்ளாண்மை அழிந்தவனும் வலை அறுந்தவனும் ஊரறியச் சொல்லி அழலாம். ஊர் ஒரு கைப்பிடி அரிசியாவது கொடுக்கும். திரையிலே பணம் தொலைத்தவன் தாயிடம் சொல்லான், மனைவியிடம் சொல்லான், சுவிஸிலிருக்கும் தமையனிடம் வேறு காரணம் கூறி மீண்டும் பணம் கேட்பான். அந்தத் தனிமை சிலரை உயிரையே மாய்க்கும் எண்ணத்துக்கும் தள்ளக்கூடும். ஆகையால் பெற்றோருக்கும் உறவினருக்கும் ஒன்று கூறுவோம். பணம் போயிற்று என்று பிள்ளை வந்து சொன்னால், திட்டுவதைப் பின்னர் வைத்துக் கொள்ளுங்கள். சொன்ன துணிவை முதலில் மெச்சுங்கள். அன்றோடு நட்டம் நிற்கும், மறைத்தால் வளரும்.

சந்தையின் பெயரைக் காட்டிச் சந்தையே இல்லாமல் ஏமாற்றும் கூட்டத்தைப் பற்றியும் கூற வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை வீதம் நிச்சய இலாபம், இரண்டு பேரைச் சேர்த்தால் மேலும் பங்கு, பத்துப் பேரைச் சேர்த்தால் தலைவர் பதவி என்று இவை வருகின்றன. பிந்தி வந்தவரின் முதலை எடுத்து முந்தி வந்தவருக்கு இலாபம் என்று கொடுப்பதே இவற்றின் இயந்திரம். புதியவர் வருவது நின்ற நாளிலே இயந்திரமும் நிற்கும். 2023 ஆகஸ்டில் எம்.டி.எஃப்.ஈ. என்ற செயலி இவ்வாறே முடங்கிற்று. இந்நாட்டிலும் பங்களாதேசத்திலும் பலர் பணத்தை இழந்தார்கள். இருப்பைக் காணத் திரையைத் திறந்தோர் பலர், தாமே கடன்காரர் என்று அங்கு எழுதியிருக்கக் கண்டார்கள். அதனையும் அதையொத்த வேறு சிலவற்றையும் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி அவ்வாண்டிலே பெயர் குறித்து அறிவித்தது. தமிழ்நாட்டிலும் 2022 இல் ஆருத்ரா கோல்டு என்ற நிறுவனம் மாதந்தோறும் நம்ப முடியாத வட்டி தருவதாகக் கூறி, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரிடம் 2,000 கோடி ரூபாவுக்கு மேல் திரட்டியதாக வழக்கு எழுந்தது. நாணயம் புதிதானாலும் சூது பழையதே.

இச்சூதுக்கு எமது சமுதாயம் எளிதாக இரையாகக் கூடும் என்பதே எமது அச்சம். தீவகத்தின் பலம் உறவு. மச்சான் சொன்னால் நம்புவோம். சித்தப்பா சேர்ந்தால் சேர்வோம். ஒரே ஊர்ச் சங்கத்தார் என்றால் எழுத்துக் கேளோம். அந்த நம்பிக்கையே இடம்பெயர்ந்த எம்மை உலகெங்கும் காத்தது. அந்நம்பிக்கையையே பிரமிட்காரன் முதலாகப் போடுகின்றான். தான் அழைத்து வந்த உறவினரின் பணம் போனபின், பணத்தோடு உறவும் அறுந்து போகின்றது.

அரசாங்கம் என்ன செய்தது? மெய்நிகர் நாணயங்களின் ஆபத்தைப் பற்றி மத்திய வங்கி 2018 இலும் 2021 இலும் 2022 இலும் பொதுமக்களை எச்சரித்தது. இத்தொழிலை நடத்த எந்த நிறுவனத்துக்கும் தான் உரிமம் வழங்கவில்லை என்றும், கடனட்டை, பற்று அட்டை மூலம் இக்கொடுக்கல் வாங்கலுக்குப் பணம் செலுத்த அனுமதியில்லை என்றும் 2022 ஜூலையிலே கூறியது. எச்சரித்தது சரியே. ஆனால் வாசல் பூட்டப்பட்டதும் மக்கள் வேலியால் நுழைந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ரூபாவைச் செலுத்தி, அவர் நாணயத்தை விடுவிப்பார் என்று காத்திருக்கும் முறை பரவிற்று. பத்திரிகையிலே ஓர் அறிவித்தல் போட்டுவிட்டால் பொறுப்புத் தீர்ந்ததா? நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் உள்ள ஒரு பெண், தன் பணம் மோசம் போயிற்று என்று தமிழிலே முறையிட்டுத் தமிழிலே விடை பெறும் இடம் எது? முறிந்த பின் பெயர்ப் பட்டியல் வெளியிடுவது பிரேத பரிசோதனை, அது வைத்தியமாகாது.

இவ்வளவும் கூறுவதால் இலத்திரனியல் பணத்தையே நாம் எதிர்ப்பதாக எவரும் கொள்ளலாகாது. வழி வேறு, பொருள் வேறு. கைத்தொலைபேசி வழியாக வங்கியிலுள்ள ரூபாவைச் செலுத்துவது, மணியோடரின் பேரனே தவிரப் புதிய நாணயமன்று. லங்கா கியூ.ஆர். என்ற முறையிலே சிறு கடைக்காரரும் பணம் பெறலாம். இந்தியாவின் யூ.பி.ஐ. முறை 2024 பெப்ரவரி 12 ஆம் நாள் இலங்கையிலும் தொடங்கி வைக்கப்பட்டது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பலிலே வரும் ஓர் அடியார், குறிகட்டுவானில் படகேறி நயினை அம்மனைத் தரிசிக்கச் செல்கையில், கரையிலுள்ள கடைக்காரருக்கு அம்முறையிலே பணம் கொடுக்க வழி செய்யலாம். சிறிய அலுவலுக்கும் கடல் கடந்து யாழ்ப்பாணக் கச்சேரிவரை அலையும் நெடுந்தீவு மக்களுக்கு, இருந்த இடத்திலிருந்தே கட்டணம் செலுத்தும் வசதி ஒரு நாளின் கூலியை மீதப்படுத்தும். இதை வரவேற்கின்றோம். ஆயினும் கைத்தொலைபேசி இல்லாத முதியவரின் கைக்காசை மறுக்கும் நிலை ஒருபோதும் வரக்கூடாது. கடற்காற்றிலே மின்சாரமும் தொடர்பும் அறுந்து போகும் தீவுகளிலே, காகித நோட்டே கடைசிப் படகு.

ஆகவே நாம் கோருவன இவை. அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு தடை என்றும் அனுமதி என்றும் தடுமாறாமல், இச்சந்தையை நடத்துவோருக்கு உரிமமும் கணக்குப் பரிசோதனையும் வாடிக்கையாளர் பணத்துக்குத் தனிக் காவலும் கட்டாயமாக்கும் சட்டத்தை நடைமுறையில் நிறுத்த வேண்டும். கலம் உடைந்தால் யாருக்கு என்ன என்பதை முன்கூட்டியே எழுதுக. யாழ்ப்பாணத்திலே தமிழில் இயங்கும் முறைப்பாட்டு அலுவலகம் வேண்டும்; அதன் அலுவலர் தீவுகளுக்கு வந்து போக வேண்டும். வெளிநாட்டுப் பணம் வருவதற்கான செலவைக் குறைக்க வேண்டும். உலக வங்கியின் கணிப்பிலே அச்செலவு உலகச் சராசரியில் ஏறத்தாழ 6 வீதம். 2030 க்குள் அதை 3 வீதத்துக்கும் கீழே கொண்டுவருவதாக உலக நாடுகள் ஏற்றுக் கொண்டிருக்கின்றன. நூறு பிராங்கிலே ஆறு பிராங்கு வழியிலே கரையும் வரை, வேறு வழி காட்டுவோருக்குச் செவி கொடுப்போர் இருந்தே தீருவர்.

எமது மக்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. முதலைச் சேர்த்து உழைப்பிலே இறக்கும் கலை எமக்குப் புதிதன்று. மலையாளப் புகையிலை விற்பனவுச் சங்கமும், மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையும், 1972 இல் தோன்றிய பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் யாழ்ப்பாணத்து மக்கள் சிறுகச் சிறுகப் போட்ட பங்குகளால் எழுந்தவை. அவற்றின் இலாபம் ஒரே நாளில் இரட்டிக்கவில்லை. ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை ஒவ்வோர் அங்கத்தவருக்கும் இருந்தது. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு, படகுக்கும் குளிரூட்டிய மீன் களஞ்சியத்துக்கும் பனம்பொருள் தொழிலுக்கும் செல்லுமாயின், இளைஞனுக்குத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க நேரமே இராது. வேலையில்லாத கையே விலையேறும் திரையைத் தேடிப் போகின்றது. அக்கைக்கு வேலை கொடுக்காமல் புத்தி மட்டும் சொல்வதில் எமக்கும் நம்பிக்கையில்லை.

இவ்வளவுக்கும் பின் இச்சந்தையிலே இறங்கியே தீருவேன் என்பவரை நாம் கட்டிவைக்க முடியாது. அவருக்கு இதையாவது கூறுவோம். கடன் வாங்கிப் போடாதீர். அடைவு வைத்துப் போடாதீர். காணியை விற்றுப் போடாதீர். பிறர் அனுப்பிய பணத்தை அவருக்குத் தெரியாமற் போடாதீர். முழுதும் போனாலும் அடுத்த நாள் அடுப்பு எரியும் அளவுக்கு உள்ளதை மட்டும், வீட்டார் அறியப் போடுவீராக. போடுமுன், அழைத்து வந்தவர் யாராயிருந்தாலும் அவரிடம் கேளுங்கள்: இந்தப் பணத்துக்குப் பிணை யார்? அவருடைய பெயர் என்ன? போனால் எந்த மன்றிலே, எந்த மொழியிலே வழக்கிடுவது? விடை கிடைக்கும்வரை முதலைக் கையைவிட்டு நழுவ விடாதீர்கள்.